கொல்லன் தெருவில் ஊசி

கேள்வி: எங்கள் கணக்குப் பிரிவில் என்னைவிட மூன்று ஆண்டு மூத்த பெண் ஒருவர் இருக்கிறார். மாத இறுதி அறிக்கைக்கான எக்செல் கோப்பில் ஒரு சூத்திரம் எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கு விளக்கினேன். "அதை எழுதியதே நான்தான்" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நல்லெண்ணத்தில் சொன்னது குற்றமா? பெண்கள் எங்களுக்குப் பாடம் எடுப்பதே இல்லையா? இப்போது அவர் எனக்கு முகம் கொடுத்தே பேசுவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: குற்றமில்லை, அசட்டுத்தனம். இந்த விஷயத்தில் நான் உங்களுக்கு மிகவும் மூத்தவன்.

பல ஆண்டுகளுக்கு முன், என் கட்டுரையின் அச்சுப்படியைப் பிழை திருத்தும் பெண்மணி கொண்டுவந்தார். நான் 'குடித்தண்ணீர்' என்று எழுதியிருந்தேன். 'த்' மேல் பென்சில் கோடு. பார்த்ததும் எனக்குள் இருந்த தமிழாசிரியர் எழுந்துவிட்டார். "இது வினைத்தொகை அம்மா. குடித்த, குடிக்கிற, குடிக்கும் என்று மூன்று காலமும் உள்ளே மறைந்திருக்கிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது" என்று ஆரம்பித்து, சுடுகாடுவரை போய்விட்டேன். அவர் பென்சில் முனையை, படித்துக்கொண்டிருந்த வரியிலிருந்து எடுக்கவே இல்லை. நான் முடித்தபோது அந்த இடத்தில் கடுகளவு கரும்புள்ளி விழுந்திருந்தது. "சரி சார், அப்படியானால் என் திருத்தம் இருக்கட்டுமா?" என்றார். பிழை என்னுடையது, திருத்தியவர் அவர், விளக்கியவன் நான்! இது எனக்கு உறைத்ததே மறுநாள்தான்.

அமெரிக்க எழுத்தாளர் ரெபெக்கா சோல்னிட் 2008-இல் எழுதிய கட்டுரையில் எனக்கு ஓர் அண்ணன் வருகிறார். விருந்து ஒன்றில் அந்த மனிதர், புகைப்படக் கலைஞர் மைபிரிட்ஜைப் பற்றி அண்மையில் வந்த முக்கியமான புத்தகத்தைச் சோல்னிட்டுக்கு விளக்குகிறார். அதை எழுதியவரே சோல்னிட்தான். உடனிருந்த தோழி அதை மூன்று நான்கு முறை சொன்ன பிறகே அவர் காதில் விழுந்தது. அந்த மனிதரோ புத்தகத்தைப் படித்தவரில்லை, மதிப்புரையை மட்டும் படித்தவர். அதன் பிறகுதான், பெண்ணுக்குத் தெரிந்ததையே ஆண் அவருக்கு விளக்கப் புறப்படுவதைக் குறிக்கும் மேன்ஸ்பிளைனிங் என்ற சொல் பரவியது; சொல்லை உருவாக்கியவர் சோல்னிட் அல்ல. கொல்லன் தெருவில் ஊசி விற்பவனை நம் பழமொழி எப்போதோ பிடித்துவிட்டது. அவன் ஏன் பெரும்பாலும் ஆணாக இருக்கிறான் என்பதைத்தான் அது கேட்கவில்லை.

பெண்களும் செய்கிறார்கள். கைக்குழந்தையைத் தூக்கி நிற்கும் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் அவருக்கு அதனால் பதவி உயர்வு தள்ளிப்போவதில்லை. அலுவலகத்தில் ஒரு பெண்ணுக்கு அவருடைய வேலையையே நீங்கள் விளக்கும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் மேலாளர் மனத்தில் அந்தக் கோப்பு உங்களுடையதாகப் பதிந்துவிடும். அவர் அத்தனை பேர் முன்னிலையில் பதில் சொன்னது அதனால்தான் என்று நினைக்கிறேன். உங்களை அவமானப்படுத்த அல்ல.

இனி வாயைத் திறக்குமுன் "இது யார் போட்டது?" என்று ஒரு கேள்வி போதும். புதிதாகச் சேர்ந்தவர் கேட்டால் தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள், ஆணோ பெண்ணோ.

மன்னிப்பை, சிரித்தவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். "உங்கள் கோப்பை உங்களுக்கே விளக்கினேன், மன்னியுங்கள்." அவ்வளவுதான். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று மட்டும் அவருக்கு விளக்கப் புறப்பட்டுவிடாதீர்கள்.