புஷ் செய்தாச்சு, அப்புறம்? ஆட்டோ டெஸ்ட், ஆட்டோ டெப்ளாய் கேள்வி பதில்

வண்ணாரப்பேட்டையிலிருந்து: அண்ணா, எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு சைட் செய்து கொடுத்தேன். மாற்றம் வந்தால் ஃபைல்ஸில்லா மென்பொருளில் ஃபைலை சர்வருக்கு இழுத்துப் போடுகிறேன். இதற்குப் போய் ஆட்டோமேஷனா?

ஆடித் தள்ளுபடி அன்று பாதி ஃபைல் ஏறி, மீதி ஏறும்முன் நெட் போனால் என்ன ஆகும் தம்பி? கோட், அதைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் இருந்தால் அதிலுள்ள ஆக்‌ஷன்ஸே போதும். நீங்கள் கோடை அங்கே அனுப்பியதும் (அதுதான் புஷ்), கோடைச் சரிபார்க்கும் டெஸ்ட்டுகளை அதுவே ஓட்டி, பாஸானால் சர்வரில் ஏற்றும்படி (அதுதான் டெப்ளாய்) வைக்கலாம். பிரைவேட் ரெப்போவுக்கும், அதாவது வெளியார் பார்க்க முடியாத கோட் கிடங்குக்கும், மாதம் 2,000 நிமிட ஓட்டம் இலவசம். இதே வேலையைச் செய்யும் ஜென்கின்ஸ் மென்பொருள் இப்போது வேண்டாம். அதற்குத் தனி சர்வர், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்று வேலை வளரும்.

வியாசர்பாடியிலிருந்து: எத்தனை டெஸ்ட் எழுதணும்?

பணம் புழங்கும் இடத்துக்கு முதலில் எழுதுங்கள்: பில் கணக்கு, தள்ளுபடி. அப்புறம் லாகின். கோடின் ஒவ்வொரு வரிக்கும் டெஸ்ட், நூறு சதவீத கவரேஜ் என்று யாராவது ஆரம்பித்தால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

காசிமேட்டிலிருந்து: மீன் ஆர்டர் ஆப் அண்ணா. பகலில் எல்லா டெஸ்ட்டும் பாஸ். விடியற்காலை மூன்று மணிக்கு ஏலத்திலிருந்தே புஷ் செய்தால் ‘இன்றைய ஆர்டர்’ டெஸ்ட் மட்டும் ஃபெயில். லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுகிறது!

நல்லா மாட்டியிருக்கிறது! உங்கள் டெஸ்ட்டை ஓட்டும் கிட்ஹப் மெஷினின் கடிகாரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். காசிமேட்டில் செவ்வாய் மூன்று மணி என்றால் அங்கே இன்னும் திங்கள் இரவு ஒன்பதரை. ஆப் இந்திய நேரப்படி ‘இன்று’ என்கிறது, டெஸ்ட் அந்த மெஷினின் தேதியை எடுத்துக்கொள்கிறது. விடியற்காலை 5.30 மணிக்குப் பிறகு இரண்டும் ஒரே தேதி, அதனால்தான் பகலில் பாஸ். மெஷினின் டைம்ஸோனை மட்டும் மாற்றித் தப்பிக்காதீர்கள். டெஸ்ட்டுக்குள் கடிகாரத்தை விடியற்காலை மூன்று மணியிலேயே நிறுத்தி வைத்து ஓட்டுங்கள். உங்கள் வியாபாரமே அந்த நேரத்தில்தானே!

திருவொற்றியூரிலிருந்து: டெப்ளாய் ஆனபின் சைட் விழுந்தால்?

ஒவ்வொரு வெர்ஷனும் தனி ஃபோல்டரில் இருக்கட்டும். எந்த ஃபோல்டர் ஓடணும் என்று சுட்டிக்காட்டும் சிம்லிங்கைப் பழையதற்குத் திருப்பினால் சைட் எழுந்துவிடும். டேட்டாபேஸ்தான் அப்படித் திரும்பாது. பாரிமுனையில் ஒரு பில்லிங் வேலையில், புது வெர்ஷனோடு சேர்த்தே டேபிளில் ஒரு ஃபீல்டை நீக்கினேன். பழைய வெர்ஷனுக்குத் திருப்பியதும், பழைய கோட் அதைத் தேடித் தேடி விழுந்தது. இரவு முழுக்க பேக்கப்போடு உட்கார்ந்தேன். புது ஃபீல்டை முதலில் சேருங்கள், பழையதை இரண்டு வெர்ஷன் கழித்து நீக்குங்கள்.

பெரம்பூரிலிருந்து: ஆக்‌ஷன்ஸ் என்ன செய்யணும் என்று சொல்லும் யாமல் ஃபைலிலேயே சர்வர் பாஸ்வேர்டை எழுதிவிட்டேன். ரெப்போ பிரைவேட்தானே அண்ணா?

ஐயையோ, கூடாதும்மா. கிட்ஹப்பில் ரகசியங்களுக்கென்றே உள்ள சீக்ரெட்ஸ் பகுதியில் போடுங்கள். அந்த வரியை அழித்தால் மட்டும் போதாது, மாற்றங்களை எல்லாம் பதிந்து வைக்கும் கிட் பழையதை மறக்காது. பாஸ்வேர்டையே இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.