பாசி எடுக்கும் அம்மாவும் கேர் பிளான் நோட்டும்

அன்புள்ள சிஸ்டர்,

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கிளினிக்கல் போஸ்டிங்கில் என் பொறுப்பில் ஓர் அம்மாவைக் கொடுத்தார்கள். கடலில் பாசி எடுப்பவர், சர்க்கரை நோயாளி. வலது பாதத்தில் புண். அவருக்கான பராமரிப்புத் திட்டமான கேர் பிளான் நோட்டில் ‘நோய் பற்றிய அறிவுக் குறைபாடு’ என்று எழுதினேன். செருப்பு அணிய வேண்டும், கடலில் இறங்கக் கூடாது, காய்கறி நிறையச் சாப்பிட வேண்டும் என்று ஆலோசனைகளும் எழுதினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. அதையே அவரிடம் சொன்னபோது, “கடலுக்குப் போகாவிட்டால் நீ வந்து சோறு போடுவாயா தாயி?” என்று சிரித்தார். வார்டில் சீனியர்கள் யாரும் இந்த நோட்டை எழுதுவதில்லை. மருத்துவர் சொன்னதைச் செய்தால் போதாதா? இது எதற்கு?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்திலிருந்து அந்த அம்மாவின் பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டுத்தான் வெளியிடுகிறேன். இனி யாருக்கு எழுதினாலும் அவற்றை எழுதாதீர்கள்.

‘அறிவுக் குறைபாடு’ நம் தொழிலில் மலிந்துபோன வரி. நோயாளி ஏழை என்றால் பேனா தானாகவே அதை எழுதிவிடும். எனக்கு அந்த வரியைக் கண்டாலே எரிச்சல் வரும். கடலில் இறங்கினால் புண் ஆறாது என்று அந்த அம்மாவுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் இறங்குகிறார். தெரிந்தும் இறங்க வைப்பது எது என்று நீங்கள் கேட்கவில்லை. திட்டம் அங்கேயே பிசகிவிட்டது.

விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசியைப் பறிக்கிற வேலை அது. அவரிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள். கல் கிழித்தது உடனே தெரிந்ததா, ரத்தத்தைப் பார்த்த பிறகுதானா? இரண்டாவது பதில் வந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம்; பாதத்தைத் தொட்டுச் சோதிக்கிற நைலான் இழை கிடைத்தால் சோதித்துப் பாருங்கள். அடுத்து, விடியலில் கிளம்பும்போது என்ன சாப்பிடுகிறார், மாத்திரையை எப்போது போடுகிறார்? இதைக் கட்டாயம் கேளுங்கள். சில சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும், சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். கரையில் என்றால் மயங்கி விழுவார், யாராவது தூக்குவார்கள். நீருக்கடியில் என்றால்? கேஸ் ஷீட்டில் புண் மட்டும்தான் இருக்கும். ஆனால் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு அவர் கடலுக்குப் போகிறவர் என்றால், உங்கள் நோட்டில் புண்ணுக்கு மேலே இது வர வேண்டும். உயிருக்கு முதலில் ஆபத்து எங்கே என்று பார்த்து வரிசைப்படுத்துவது நம் பொறுப்பு. மாத்திரை நேரத்தை நீங்களாக மாற்றிவிடாதீர்கள். மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் கேட்காத கேள்விக்கான பதில் உங்களிடம் இருக்கிறது.

சர்க்கரை நோய் என்று முடிவு செய்வது மருத்துவர். அந்த நோயோடு இந்த மனிதர் நாளைக் கழிப்பதில் எங்கே இடறுகிறார் என்று முடிவு செய்வது செவிலியர். இப்படிப்பட்ட முடிவுகளைத் தொகுத்து வகைப்படுத்த 1973-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் செவிலியர்கள் கூடினார்கள். உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் செவிலியர் முடிவுகளின் பட்டியல் அங்கிருந்து வளர்ந்தது. எழுதும் முறை எளிது: சிக்கல், காரணம், சான்று. ‘பாதத்தில் தோல் சிதைவு, உணர்ச்சி குறைந்த காலோடு பாறையில் நடப்பதால், இரண்டு சென்டிமீட்டர் புண் இருக்கிறது, இழை தொட்டது தெரியவில்லை.’ சர்க்கரை இறங்கும் அபாயம் இன்னும் நிகழாதது. அதற்குச் சான்று கிடையாது, சிக்கலும் காரணமும் போதும்.

இலக்கில்தான் பெரும்பாலான நோட்டுகள் செத்துப்போகின்றன. ‘புண் ஆறும்’, ‘நோயாளி நலமடைவார்’ என்பவை வேண்டுதல்கள். கோயிலிலோ தர்காவிலோ வைக்கலாம். அடுத்த ஷிப்டில் வருகிறவர் பார்த்து, ஆயிற்று அல்லது ஆகவில்லை என்று சொல்ல முடிய வேண்டும். ‘வெள்ளிக்கிழமைக்குள் கண்ணாடி வைத்துத் தன் பாதத்தைத் தானே பார்த்துக் காட்டுவார்.’ இது இலக்கு.

‘கடலில் இறங்கக் கூடாது’ என்று நீங்கள் எழுதியது சரிதான். திறந்த புண்ணோடு கடல்நீரில் நிற்பது சர்க்கரை நோயாளிக்கு வெறும் எரிச்சலோடு போகாது. கடல்நீரில் உள்ள சில கிருமிகள் அவரைக் கடுமையாகத் தாக்கும். ஆனால் எத்தனை நாளுக்கு, அதுவரை வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் பாசி எடுக்கத் தோதாக நீர் நன்றாக வற்றும். நாட்காட்டியை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் பேரம் பேசுங்கள். புண் மூடும் வரை என்று கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார். இந்த வற்றுக்கு மட்டும் வேண்டாம் என்றால் யோசிப்பார். அடுத்த வற்று வரும்போது புண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி பேசலாம். மண்டபம், பாம்பன் பக்கம் மிதவையில் பாசி வளர்ப்பவர்களுக்குக் கரையில் உட்கார்ந்து கயிற்றில் விதைத் துண்டு கட்டித் தர ஆள் வேண்டியிருக்கிறது. கால் நனையாத வேலையாக அது கிடைக்குமா என்று மகளையோ மருமகளையோ விசாரிக்கச் சொல்லுங்கள். பேசி முடிவானதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள்.

இலக்கு நிறைவேறாவிட்டால் ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதி மூடிவிடாதீர்கள். கேள்வி தப்பா, நாள் தப்பா, வரிசை தப்பா என்று பார்த்துத் திருத்தி எழுதுங்கள். செவிலியர் பராமரிப்பின் ஐந்து படிகளில் கடைசியாக இருக்கும் மதிப்பீடு அதற்குத்தான்.

மருத்துவர் சொன்னதைச் செய்வது நம் வேலையில் ஒரு பங்கு. டிரெஸ்ஸிங்குக்கும் மருந்துக்கும் அவர் உத்தரவு வேண்டும். பாதத்தைப் பார்க்கக் கற்றுத் தர யார் உத்தரவும் வேண்டாம்.

சீனியர்கள் எழுதுவதில்லை என்கிறீர்கள். கட்டம் போட்டு எழுத அவர்களுக்கு நேரமில்லை, அது உண்மை. ஆனால் ஷிப்ட் மாறும்போது ஒரு நல்ல சிஸ்டர், “ஏழாம் படுக்கை அம்மா ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை, ஆறு மணிக்குச் சர்க்கரை பார்த்துவிடு” என்கிறாரே, அது வாய்வழிக் கேர் பிளான். பக்கத்தில் நின்று கேளுங்கள். அந்த அம்மா வீட்டுக்குப் போகும்போது உங்கள் திட்டத்தையும் யாரிடமாவது ஒப்படையுங்கள். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். வருகிறவர் பாதத்தையும் பார்க்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தர வார்டு சிஸ்டரிடம் கேளுங்கள்.