சக்கிமுக்கிக் கல் காத்த புல்

போன இதழில் வரப்புத் தகராறு பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்த சேஸ் கவுன்டியைப் பற்றிப் பேச்சுவாக்கில் நாலு வரி எழுதிவிட்டேன். கேன்சஸ் மாநிலத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்லாகக் கிடக்கும் ஊர்ப்புறம் அது. வந்த கடிதங்களில் ஒன்றுகூட வரப்பைப் பற்றி இல்லை. எல்லாம் புல்லைப் பற்றித்தான். ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்கே.

கரூர் வாசகர்: கவுன்டி என்றால் நம் தாலுகாவா, மாவட்டமா?

அதிகாரத்தைப் பார்த்தால் மாவட்டம். ஆள்கணக்கைப் பார்த்தால் ஒரு கிராமம். பரப்பு 778 சதுர மைல். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வசிப்பவர்கள் 2,572 பேர். தலைமையிடம் காட்டன்வுட் ஃபால்ஸ் என்ற சிற்றூர். ஷெரிஃப் என்னும் போலீஸ் தலைவர், கருவூல அதிகாரி எல்லாம் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். பத்திரப் பதிவு அதிகாரிக்கும் தேர்தல்தான். நில அளவைத் துறையில் 31 வருடம் சங்கிலி இழுத்தவன் என்பதால் இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. மகள் முறைத்தாள்.

தேனி வாசகி: கவுன்டிக்குப் பெயர் தந்த சேஸ் என்பவர் அமெரிக்க ஜனாதிபதி என்று எழுதியிருந்தீர்கள். என் மகனின் பாடப்புத்தகப் பட்டியலில் அப்படி ஒருவரே இல்லையே?

என் தவறு. மகனுக்கு என் பாராட்டு. சால்மன் சேஸ் ஜனாதிபதி ஆகவில்லை. ஆசை மட்டும் நிறைய இருந்தது. 1859இல் கவுன்டி உருவானபோது அவர் ஒஹையோ மாநில ஆளுநர். அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்தவர். பிறகு லிங்கனின் நிதியமைச்சர், அதன்பின் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி. ஒரு காலத்தில் அச்சிட்ட 10,000 டாலர் நோட்டில் அவர் முகம்தான் இருந்தது.

தஞ்சாவூர் வாசகர்: நான் விவசாயி. அவ்வளவு நிலத்தையும் புல்லுக்கு விட்டுவிட்டு உழாமல் இருப்பது சோம்பேறித்தனம் இல்லையா?

ஐயா, இதே கேள்வியைத்தான் நானும் அங்கே ஒரு மாட்டுப் பண்ணைக்காரரிடம் கேட்டேன். மகளின் அலுவலக நண்பர் மூலம் அறிமுகமானவர், எழுபதைத் தாண்டியவர். பதில் சொல்லவில்லை. வண்டியிலிருந்து கடப்பாரையை எடுத்துக் கையில் கொடுத்து, "இறக்குங்கள்" என்றார். ஓங்கிக் குத்தினேன். அரை அடிகூட இறங்கவில்லை, ணங் என்று ஒரு சத்தம். இரண்டடி தள்ளிக் குத்தினேன். அங்கேயும் ணங். மூன்றாவது முறை உள்ளங்கை விறுவிறுத்துப் போய்க் கடப்பாரையைக் கீழே போட்டேன். அவர் குனிந்து, பெயர்ந்து வந்த சில்லு ஒன்றை எடுத்துக் காட்டினார். சாம்பல் நிறம், ஓரம் கத்தி போல. நம் ஊரில் சக்கிமுக்கிக் கல் என்போமே, அந்த இனம்.

ஏறக்குறைய 28 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆழமற்ற கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சுண்ணாம்புக்கல் அடுக்குகளுக்குள் இந்தக் கல் முடிச்சு முடிச்சாக உருவாகியிருக்கிறது. மழையில் சுண்ணாம்பு கரைந்து போகும்; இது போகாது. எனவே மேட்டு நிலத்தில் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே இந்தச் சில்லுகள்தான். 1806இல் அந்த வழியாகப் போன செபுலன் பைக் என்ற ராணுவ அதிகாரி, கரடுமுரடான சக்கிமுக்கிக் குன்றுகளைக் கடந்ததாகத் தன் குறிப்பில் எழுதிவைத்தார். அதனால்தான் அந்தக் குன்றுகளுக்கு இன்றும் ஃபிளின்ட் ஹில்ஸ் என்று பெயர். ஃபிளின்ட் என்றால் சக்கிமுக்கி.

இனி கணக்கைப் பாருங்கள். ஆளுயரப் புல் வளரும் பிரெய்ரி நிலம் வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் சுமார் 17 கோடி ஏக்கர். 1837இல் ஜான் டீர் என்ற கொல்லர் எஃகுக் கலப்பை செய்தார். பசை மாதிரி ஒட்டும் அந்தக் கரிய மண்ணை எஃகு வழுக்கிக்கொண்டு பிளந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் இல்லினாய், அயோவா மாநிலங்களின் புல்வெளி அனேகமாக முழுவதும் மக்காச்சோளக் காடாகிவிட்டது. இன்று மிஞ்சியிருப்பது அந்த 17 கோடியில் 4 சதவீதத்துக்கும் குறைவு. அதில் பெரும்பகுதி இந்தக் குன்றுகளில். யாரோ மகான் பாதுகாத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். கலப்பை இறங்கவில்லை, அவ்வளவுதான்.

சோம்பேறித்தனம் என்ற குற்றச்சாட்டுக்கும் இடமில்லை. காட்டன்வுட் ஆற்றங்கரையில் மண் ஆழமாக இருக்கிறது. அங்கே ஓர் அங்குலம் விடாமல் உழுது கோதுமை, சோயா, மக்காச்சோளம் எல்லாம் போடுகிறார்கள்.

நாகர்கோவில் வாசகி: அவர்களே வருடாவருடம் புல்வெளிக்குத் தீ வைப்பதாக எழுதியிருந்தீர்கள். மனது பதறுகிறது.

எனக்கும் பதறியது. நான் போய் இறங்கியது மார்ச் கடைசி. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒரு மாலை அந்தப் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். காற்றின் திசை, ஈரப்பதம் எல்லாம் பார்த்து, கவுன்டி அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். தீயைச் சொட்டுச் சொட்டாகச் சிந்தும் ஒரு கைக்குடுவையோடு முதலில் காற்று போய்ச் சேரும் பக்கத்து ஓரத்தில் மெதுவாகக் கோடு போடுகிறார்கள். அந்தத் தீ காற்றை எதிர்த்து ஆமை போல நகர்ந்து ஒரு கரிய பட்டையை உண்டாக்கும். அது போதிய அகலம் ஆனபின் மறுபக்கம் வைக்கும் தீதான் ஓடுகிற தீ. அது வந்து கரிய பட்டையில் முட்டி அணைகிறது. அணைந்த இடத்தில் கால் வைத்தேன். செருப்பு வழியாகச் சூடு ஏறியது. பத்து நாள் கழித்து அதே இடத்துக்குப் போனால், கருகிய தரையிலிருந்து விரல் நீளத்துக்குப் பச்சை.

காரணம் வேரில் இருக்கிறது. பிக் புளூஸ்டெம் என்ற முக்கியமான புல்லின் வேர் இரண்டு மீட்டருக்கும் கீழே, பாறைப் பிளவுகளுக்குள் இறங்குகிறது. சோளமும் கரும்பும் இதன் ஒன்றுவிட்ட உறவுகள். மேலே இருப்பது எரிந்தாலும் உயிர் கீழே பத்திரம். எரிக்காவிட்டால் ஜூனிப்பர் மரங்கள் புகுந்து சில பத்தாண்டுகளில் புல்வெளியைக் காடாக்கிவிடும். வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பும் பூர்வகுடிகள் தீ வைத்தார்கள். இளம்புல்லைத் தேடி பைசன் எருமைகள் வரும் என்பது அவர்கள் கணக்கு. இன்று டெக்சாஸ் போன்ற இடங்களிலிருந்து லாரியில் வந்து இறங்கும் இளங்காளைகள் நாளுக்கு ஒரு கிலோ அளவில் எடை ஏறும் என்பது இவர்கள் கணக்கு.

எல்லாம் நன்மையே என்று நான் சொல்லவில்லை. ஃபிளின்ட் ஹில்ஸ் முழுவதும் சேர்த்துச் சில ஆண்டுகளில் 20 லட்சம் ஏக்கருக்கும் மேல் எரிகிறது. புகை கேன்சஸ் சிட்டி வரை போய் மூச்சை அடைக்கிறது என்ற புகாரால் 2010இல் மாநிலம் ஒரு புகை மேலாண்மைத் திட்டம் கொண்டுவந்தது. தரையில் கூடு கட்டும் பிரெய்ரிக் கோழிக்கு மறைவிடம் போய்விடுகிறது. துண்டு துண்டாக, ஆண்டுக்கு ஒரு பகுதி எரித்தால் போதும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. பெரியவரிடம் சொன்னேன். "கோழிக்கு நான் வாடகை வாங்குவதில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சேலம் வாசகர்: பூர்வகுடிகள் என்றீர்களே, அவர்கள் எங்கே?

ஓக்லஹோமாவில். கா என்றும் கான்சா என்றும் சொல்லப்படும் மக்கள் அவர்கள். மாநிலத்துக்கே அவர்கள் பெயர்தான். 1846 ஒப்பந்தத்தில் இருபது லட்சம் ஏக்கரை விட்டுக்கொடுத்து, வடக்கே அடுத்த கவுன்டியில் உள்ள கவுன்சில் குரோவ் பகுதிக்கு ஒதுங்கினார்கள். 1859இல் அந்த நிலமும் சுருக்கப்பட்டது. 1873இல் அதையும் விட்டுத் தெற்கே அனுப்பப்பட்டார்கள். அதே 1873இல்தான் காட்டன்வுட் ஃபால்ஸில் பெரிய நீதிமன்றக் கட்டடம் எழும்பி முடிந்தது. அந்தக் கவுன்சில் குரோவில் பாட்டியோடு சிறுவயதில் வாழ்ந்த கா வம்சாவளிப் பையன் சார்லஸ் கர்டிஸ், 1929இல் அமெரிக்காவின் துணை ஜனாதிபதி ஆனார்.

ஈரோடு வாசகர்: எல்லைக்கு என்ன வைத்திருக்கிறார்கள்? நீங்கள் அளவையர், அதைச் சொல்லாமல் விடலாமா?

இப்படி ஒருவர் கேட்கமாட்டாரா என்று காத்திருந்தேன். அமெரிக்க அரசு 1785இல் தொடங்கிய சதுரக் கட்ட அளவை இது: ஒரு மைலுக்கு ஒரு மைல் என்றால் ஒரு செக்ஷன், 640 ஏக்கர். அளந்த கருவி அதே 66 அடிச் சங்கிலி, அதே நூறு லிங்க், அதாவது கண்ணி! நம் பழைய புலப்படங்களில் நான் படித்த லிங்க் கணக்கு கேன்சஸிலும் பிசகாமல் பொருந்தியது. 80 சங்கிலி ஒரு மைல்.

வேலிதான் வேடிக்கை. மரம் இல்லாத ஊரில் வேலிக்கு எங்கே போவது? 1867இல் மாநிலம் ஒரு சட்டம் போட்டது: நாலரை அடி உயரத்துக்குக் கல் வேலி கட்டினால் ராடுக்கு 40 சென்ட். ராட் என்பது கால் சங்கிலி, பதினாறரை அடி. மைலுக்கு 320 ராட், 128 டாலர். சாந்தே இல்லாமல் அடுக்கிய அந்தக் கல்சுவர்கள் பல இடங்களில் இன்னும் நிற்கின்றன. ஒன்றின் மேல் கையை வைத்து அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. 1874இல் முள்கம்பிக்குக் காப்புரிமை வந்தது. அதற்குப் பிறகு யார் கல் சுமப்பார்கள்?

விருதுநகர் வாசகி: ஆள் ஏன் இவ்வளவு குறைவு?

1900இல் எட்டாயிரத்துக்கு மேல் இருந்தார்கள். மேய்ச்சலுக்கு ஆள் வேண்டாம், நிலம்தான் வேண்டும். ஆற்றோரச் சிறு பண்ணைகளை டிராக்டர் விழுங்கிவிட்டது. 1882இல் கட்டிய ஓர் ஓரறைப் பள்ளிக்கூடம் குன்றின் மேல் தனியாக நிற்கிறது, 1930இல் மூடினார்கள். 1951 வெள்ளம் ஆற்றங்கரை ஊர்களைப் புரட்டிப்போட்டது. படித்த பிள்ளைகள் விச்சிட்டா நகரத்துக்குப் போகிறார்கள். இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா?

திருச்சி வாசகர்: சுற்றிப் பார்க்க அங்கே ஏதாவது உண்டா, வெறும் புல்தானா?

வெறும் புல்தான். 1996இல் அதற்கென்றே 10,894 ஏக்கரில் தேசியக் காப்பகம் அமைத்தார்கள். 2009இல் தெற்கு டகோட்டாவிலிருந்து 13 பைசன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். பசார் என்ற ஊருக்கு அருகே மேய்ச்சல் நிலத்தில் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. 1931 மார்ச் 31 அன்று புகழ்பெற்ற அமெரிக்கக் கால்பந்துப் (நம் ஊர்க் கால்பந்து அல்ல) பயிற்சியாளர் க்னூட் ராக்னி உட்பட எட்டுப் பேர் விமானம் விழுந்து இறந்த இடம். இறக்கைக்குள் மரம் ஒட்டிய பசை ஈரத்தில் விட்டுப்போயிருந்தது. மர விமானங்கள் மீதிருந்த நம்பிக்கை அன்றோடு போனது.

நீதிமன்றத்தையும் விட்டுவிடாதீர்கள். ஜான் ஹாஸ்கெல் வடிவமைத்தது, உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லில் கட்டியது, இன்றும் வழக்கு நடக்கிறது. உள்ளே வால்நட் மரத்தில் சுருண்டு ஏறும் படிக்கட்டு. மூன்றாம் மாடிவரை ஏறி, கைப்பிடியைத் தடவியபடியே இறங்கினேன். பல தலைமுறைக் கைகள் பட்டு அது கண்ணாடி மாதிரி வழவழத்துக் கிடந்தது.

போவதானால் செப்டம்பர் கடைசியில் போங்கள். நான் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஓடையோரமாக மகள் புல்லுக்குள் இறங்கி நடந்தாள். ஏப்ரலில் நான் கரி மிதித்த அதே பண்ணை. பத்தடி போனதும் அவள் தோள் மறைந்தது. இன்னும் கொஞ்சம் போனதும் குரல் மட்டும் வந்தது: "அப்பா, எங்கே நிற்கிறீர்கள்?"