ஏஐ-கிட்ட கேக்கறதுக்கு முன்னாடி மைக் வெச்சு அளங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கேள்விகள்ல முக்கால்வாசி ஏஐ-ய வெச்சு சவுண்ட் சிஸ்டம் டியூன் பண்றத பத்திதான், அதனால அதையெல்லாம் சேத்து ஒரே பக்கமா எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: ஹால்ல ஒவ்வொரு அலைவரிசைலயும் சத்தம் எவ்ளோ வருதுன்னு மைக் வெச்சு அளந்து பாத்தேன் சார், கிராஃப்ல 500 ஹெர்ட்ஸ் கிட்ட பெரிய குழி. ஸ்கிரீன்ஷாட்ட ஏஐ-க்கு அனுப்புனா அங்க 9 டெசிபெல் ஏத்த சொல்லுச்சு. ஏத்தியும் குழி அப்படியே இருக்கு, ஆம்ப்ல கிளிப் லைட் (தாங்கறதுக்கு மேல போகுதுன்னு காட்டற லைட்) வேற எரியுது. என்ன பண்றது?

பதில்: மொதல்ல அந்த 9 டெசிபெல்ல எடுத்துடுங்க. ஏத்துனதுக்கு அப்புறம் திரும்ப அளந்து பாத்தீங்கல்ல, அதுதான் சரியான வேல, உங்களுக்கு விடையும் அதுலயே கெடைச்சிருக்கு. ஈக்யூல (அலைவரிசை வாரியா சத்தத்த ஏத்தி எறக்கறது) ஏத்தியும் குழி நெரம்பலன்னா அங்க ரெண்டு சத்தம் ஒன்ன ஒன்னு அடிச்சுக்குதுன்னு அர்த்தம், பாக்ஸ்லேந்து நேரா வர்றது ஒன்னு, தரையிலயோ சுவத்துலயோ பட்டு கொஞ்சம் லேட்டா வர்ற அதே சத்தம் இன்னொன்னு. நீங்க ஏத்துனா ரெண்டும் சேந்தே ஏறும் சேந்தே அடிச்சுக்கும், ஆனா ஆம்ப் மட்டும் அந்த இடத்துல எட்டு மடங்கு பவர் தள்ளிக்கிட்டு இருக்கும், கிளிப் லைட் எரியுறது அதனாலதான்.

இப்ப அதே கிராஃப்ல 1500லயும் 2500லயும் குழி இருக்கான்னு பாருங்க. இருந்தா ரெண்டு சத்தத்துக்கும் நடுவுல 1 மில்லிசெகண்ட் வித்தியாசம், தூரத்துல சொன்னா சுமார் 34 சென்டிமீட்டர். அடுத்து ஸ்டாண்ட எடுத்துட்டு மைக்க தரையிலயே படுக்க வெச்சு அளங்க. குழி காணாம போச்சுன்னா தரைதான் காரணம், ஈக்யூவ தொடவே வேணாம். போகலன்னா மைக்க நாலஞ்சு இடத்துக்கு மாத்தி பாருங்க, எடத்துக்கு எடம் மாறுற குழிய விட்டுடுங்க, எங்க வெச்சாலும் அதே அலைவரிசைல வர்றதுக்கு மட்டும் பாக்ஸ் பக்கமோ கிராஸ்ஓவர் (பேஸயும் மேல் சத்தத்தையும் வேற வேற ஸ்பீக்கருக்கு பிரிக்கற இடம்) பக்கமோ காரணம் தேடுங்க.

ஏஐ-க்கு இது தெரியாதுன்னு இல்ல, நல்லாவே தெரியும், ஆனா நீங்க குடுத்தது ஒரே ஒரு படம், கேட்டது "என்ன ஈக்யூ போடணும்". கேட்டதுக்கு அது பதில் சொல்லிடுச்சு. படத்துக்கு பதிலா அளந்தத டெக்ஸ்ட் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி குடுங்க, ஆர்இடபிள்யூங்கற அளக்கற சாஃப்ட்வேர்ல அந்த வசதி இருக்கு, அலைவரிசை, லெவல், ஃபேஸ் (அலை தன்னோட சுத்துல எந்த இடத்துல இருக்குங்கறது) மூணும் நம்பராவே வந்துடும். ரெண்டு சேனல் அளவீடா (அனுப்புன சத்தத்தையும் மைக்ல வந்ததையும் ஒப்பிடறது) இருந்தா கோஹரன்ஸும் (அளந்தத எவ்ளோ நம்பலாம்னு காட்டற நம்பர்) சேத்து குடுங்க, கோஹரன்ஸ் விழுந்து கெடக்கற இடத்துல லெவல் நம்பர நம்பி எதையும் செய்யக்கூடாது. மைக் எங்க இருந்துச்சு, பாக்ஸ் எவ்ளோ ஒசரம், ஏற்கனவே என்ன ஈக்யூ போட்டிருக்கு எல்லாத்தையும் எழுதுங்க. எழுதிட்டு, இதுக்கு என்னென்ன காரணம் இருக்கலாம், ஒவ்வொன்னையும் பிரிச்சு பாக்க அடுத்து நான் எத அளக்கணும்னு கேளுங்க. பதிலோட தரமே மாறிடும்.

கேள்வி: என் சப்புக்கும் (பேஸ் பாக்ஸ்) டாப்புக்கும் (மேல் சத்தத்துக்கான பாக்ஸ்) 6 மில்லிசெகண்ட் டிலே போட சொல்லுது ஏஐ. போடலாமா அண்ணா?

பதில்: ஃபேஸ் அளவீடு எதுவும் குடுக்காம வந்த நம்பர்னா போடாதீங்க தம்பி. 100 ஹெர்ட்ஸ்ல ஒரு சுத்து 10 மில்லிசெகண்ட், அதனால 5 மில்லிசெகண்ட் தப்பா போனாலே சப்பும் டாப்பும் நேர் எதிரா நின்னுடும், பேஸ் மொத்தமா செத்துடும். சப்ப மட்டும் தனியா அளங்க, டாப்ப மட்டும் தனியா அளங்க, மைக்கயும் ரெஃபரன்ஸ் டிலேயையும் (சாஃப்ட்வேர் நேரத்த எண்ண ஆரம்பிக்கற புள்ளி) நகத்தாதீங்க. ரெண்டு ஃபைலையும் குடுத்து கிராஸ்ஓவர்ல ஃபேஸ் எவ்ளோ விலகி இருக்குன்னு கணக்கு போட சொல்லுங்க, இந்த மாதிரி கணக்குக்கு ஏஐ அருமையான துணை. அது சொன்ன டிலேய போட்டதும் சப்போட போலாரிட்டிய (பிளஸ் மைனஸ்) திருப்பி பாருங்க, கிராஸ்ஓவர்ல சத்தம் ஆழமா விழணும். விழுந்தாலும் அத்தோட விட்டுடாதீங்க, ஏன்னா ஒரு முழு சுத்து தள்ளி இருந்தாலும் அந்த ஒரு அலைவரிசைல அப்படித்தான் விழும். 70லேந்து 140 ஹெர்ட்ஸ் வரைக்கும் ரெண்டு ஃபேஸ் கோடும் ஒன்னு மேல ஒன்னா ஒரே சாய்வுல ஓடுதான்னு பாக்கணும்.

கேள்வி: சிஸ்டத்துல ஓயாம ஹம் (ம்ம்ம்னு ஒரு இரைச்சல்) வருது. ஏஐ இருபது காரணம் சொல்லுது, எதுலேந்து ஆரம்பிக்க?

பதில்: பாதியிலேந்து. மிக்ஸர் அவுட்புட்ட கழட்டுங்க, ஹம் நின்னா பிரச்சன மிக்ஸர்லயோ அதுக்கு முன்னாடியோ, நிக்கலன்னா அதுக்கு அப்புறம். மிச்ச பாதியையும் அதே மாதிரி பாதியாக்கிட்டே போங்க. கழட்டும்போது ஆம்ப் லெவல கொறச்சுக்கோங்க. ஒவ்வொரு முடிவையும் ஏஐ-க்கு சொல்லிக்கிட்டே வந்தா இருபது காரணம் மளமளன்னு சுருங்கிடும். லேப்டாப் சார்ஜர கழட்டுனதும் நின்னுடுச்சுன்னா லைன் ஐசோலேட்டர் (நேரடி கரண்ட் தொடர்பு இல்லாம சத்தத்த மட்டும் கடத்தற சின்ன பெட்டி) ஒன்னு போட்டா போதும். ஒன்னு மட்டும் கண்டிப்பா சொல்றேன், ஹம் போகணும்னு பவர் பிளக்கோட எர்த் பின்ன யாரும் எடுக்காதீங்க, ஏஐ சொன்னாலும் சரி அனுபவஸ்தர் சொன்னாலும் சரி, மைக்க தொடுறவங்க உயிர் போற விஷயம் அது.

கேள்வி: ஃபீட்பேக் (மைக் கீச்சுன்னு கத்தறது) வந்தா ஏஐ தானா அடக்கிடுமா?

பதில்: அலைவரிசைய கண்டுபிடிச்சு வெட்டும். ஆனா தெறந்திருக்கற மைக் ரெண்டு மடங்கானா ஃபீட்பேக்குக்கு முன்னாடி கெடைக்கற கெயின் (சத்தத்த ஏத்தக்கூடிய அளவு) 3 டெசிபெல் போயிடும், அத எந்த ஃபில்டரும் திருப்பி தராது. யாரும் பேசாத மைக்க மியூட் பண்ணுங்க, பேசறவங்கள மைக் கிட்ட வர சொல்லுங்க.

கேள்வி: லிமிட்டர் (பாக்ஸுக்கு அளவுக்கு மேல பவர் போகாம தடுக்கறது) செட்டிங்க ஏஐ-கிட்டயே விட்டுடலாமா? நேரா டிஎஸ்பி-லயே (இந்த செட்டிங் எல்லாம் இருக்கற டிஜிட்டல் ப்ராசஸர்) மாத்தற மாதிரி கனெக்ட் பண்ணலாம்னு ஒரு யோசன.

பதில்: கணக்க அதுகிட்ட குடுங்க, பட்டன நீங்க அமுத்துங்க. 8 ஓம்ஸ், 500 வாட்ஸ் பாக்ஸ்னா சுமார் 63 வோல்ட், ஆம்ப் கெயின் 32 டெசிபெல்லா இருந்தா உள்ள போக வேண்டியது 1.6 வோல்ட் கிட்ட. இத ஏஐ நொடில போட்டுடும். ஆனா உங்க ஆம்ப் பின்னாடி இருக்கற கெயின் ஸ்விட்ச் அதுக்கு தெரியாது. அதுல நெஜமா 32 இருக்கும்போது நீங்க 26-னு சொல்லிட்டா 6 டெசிபெல் பிசகும், அதாவது பாக்ஸுக்கு நாலு மடங்கு பவர் போகும், ஸ்பீக்கர் காயில் கருகிடும். ஸ்விட்ச நேர்ல பாத்து எழுதுங்க, ஸ்பீக்கர் டிரைவர் கம்பெனி குடுத்த தொடர்ச்சியான பவர எடுத்துக்கோங்க, பீக்க எடுக்காதீங்க. நேரா டிஎஸ்பி-லயே மாத்த விடறது ஆளில்லாத ஹால்ல, லெவல் கொறச்சு வெச்சு, பழைய செட்டிங் சேவ் பண்ணிட்டு செய்ய வேண்டிய பரிசோதன. ஜனங்க உக்காந்திருக்கும்போது அந்த கனெக்‌ஷன கழட்டி வெச்சிடுங்க.