ஆங்கிலச் சொல் விளையாட்டுகளுக்கு எந்தச் சொற்களைக் கற்பது? கேள்வி பதில்

கேள்வி: ஆங்கில நாளிதழ்களைத் தடையின்றி வாசிக்கிறேன். ஆயினும் எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் எட்டாம் வகுப்பு படிக்கும் என் மருமகனிடம் தொடர்ந்து தோற்கிறேன். காரணம் என்னவாக இருக்கும், ஐயா?

பதில்: உங்கள் மருமகன் ஈரெழுத்துச் சொற்களைப் படித்திருப்பார், நீங்கள் அவற்றைப் பொருட்படுத்தியிருக்க மாட்டீர்கள். பிரிட்டன், இந்தியா முதலிய நாடுகளின் போட்டிகளில் பின்பற்றப்படும், செல்லுபடியாகும் சொற்களைத் தொகுத்த காலின்ஸ் பட்டியலின் 2019 பதிப்பில் 127 ஈரெழுத்துச் சொற்கள் உள்ளன. பலகையில் ஏற்கெனவே இருக்கும் சொல்லை ஒட்டி, அதற்கு இணையாக இன்னொரு சொல்லை வைக்க இவையே வழிவிடுகின்றன. அப்படி வைக்கும்போது ஒரே கட்டைக்குக் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் இருமுறை மதிப்பெண் கிடைக்கிறது.

முதலில் கற்க வேண்டியது, க்யூ, ஐ ஆகிய இரண்டே எழுத்துகளால் ஆன சீனச் சொல். உயிராற்றல் என்று பொருள்; உச்சரிப்பு ‘சீ’. எதிராளி அதை வைக்கும் நேரத்தில் நம் வாயிலிருந்தும் அதே சொல்தான் வரும் என்பது வேறு கதை. பலகையில் தனித்து நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஐ எழுத்துக்கு மேலே, எழுத்தின் மதிப்பை மும்மடங்காக்கும் கட்டம் காலியாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 10 புள்ளி மதிப்புள்ள க்யூவை அங்கே வைத்து, அதன் வலப்புறம் உங்கள் கையிலுள்ள ஐ எழுத்தைச் சாதாரணக் கட்டத்தில் வைத்தால், கிடைமட்டமாக 31, செங்குத்தாக 31 என இரண்டே கட்டைகளில் 62 புள்ளிகள் சேர்ந்துவிடும்.

கேள்வி: பொருள் தெரியாமல் பட்டியலை மனப்பாடம் செய்வது மொழிக்கு இழைக்கும் அநீதி அல்லவா?

பதில்: அநீதியோ இல்லையோ, அப்படிச் செய்தும் வெல்லலாம் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. நியூசிலாந்தில் பிறந்த நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு மொழியில் உரையாடத் தெரியாத நிலையிலேயே, சுமார் ஒன்பது வாரங்களில் அம்மொழியின் சொற்பட்டியலை மனத்தில் ஏற்றிக்கொண்டு, 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் வென்றார். அவருக்குச் சொல் என்பது எழுத்துகளின் ஒரு வரிசை, அவ்வளவே. நம்மைப் போன்றவர்களுக்கோ பொருள்தான் சொல்லை மாட்டிவைக்கும் ஆணி. க்யூவை அடுத்து யூ வராத சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ஃபக்கீர், நிகாப், தலாக். இவை அரபியிலிருந்து வந்தவை என்று அறிந்தவருக்கு, அம்மொழியின் காஃப் என்னும் எழுத்தைக் குறிக்கவே ஆங்கிலத்தில் க்யூ நிற்கிறது என்பதும் விளங்கிவிடும். பிறகு எழுத்துக்கூட்டலை மறப்பது கடினம்.

கேள்வி: தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொற்கள் ஆட்டத்தில் உதவுமா?

பதில்: நன்றாகவே உதவும். இட்லியும் தோசையும் பட்டியலில் உள்ளன. கட்டுமரத்திலிருந்து வந்த கேட்டமரான், மிளகுத்தண்ணீரிலிருந்து வந்த மல்லிகடானி ஆகியவையும் செல்லும்; ஆனால் முறையே 9, 12 எழுத்துகள் கொண்ட இவற்றைப் பலகையில் வைக்கும் வாய்ப்பு ஆயுளில் ஒருமுறை வந்தாலே பெரிது.

எனக்குப் பிடித்தது நம் சுருட்டுதான். ஆங்கிலத்தில் ‘செரூட்’ ஆகிவிட்ட அதற்குச் சி, எச், ஈ, ஆர், ஓ, ஓ, டி என்று சரியாக ஏழு எழுத்துகள். கையிலுள்ள ஏழு கட்டைகளையும் ஒரே முறையில் வைப்பவருக்கு 50 புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும். ஆட்டத்தின் முதல் சொல்லாக இதை நடு வரிசையின் மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கினால், 4 புள்ளி மதிப்புள்ள எச் எழுத்து, எழுத்தின் மதிப்பை இரட்டிப்பாக்கும் கட்டத்தில் விழும். சொல்லின் மதிப்பு 12 என்பது 16 ஆகி, சொல்லின் மதிப்பையே இரட்டிப்பாக்கும் நடு நட்சத்திரக் கட்டத்தால் 32 ஆகி, 50ஐயும் சேர்த்து 82 ஆகும்.

கேள்வி: எஸ் எழுத்து கிடைத்தவுடன் பன்மையாக்கி வைத்துவிடுகிறேன். சரியா?

பதில்: சரியன்று. 1930களில் இவ்விளையாட்டை உருவாக்கிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், நாளிதழ்ப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தே கட்டைகளின் எண்ணிக்கையை வகுத்தார். ஆனால் பன்மையாக்குவது மிக எளிதாகிவிடும் என்பதால், 100 கட்டைகளில் எஸ் எழுத்துக்கு வேண்டுமென்றே நான்கை மட்டும் ஒதுக்கினார். ஏழெட்டுப் புள்ளிகள் கூடுதலாகத் தராத இடத்தில் அதைச் செலவிடாதீர்கள்.

கேள்வி: ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சிகளில் கண்டுபிடிக்க வேண்டிய வேர்டில் புதிரில் நான்கு எழுத்துகள் பச்சையாகிவிட்ட பிறகும் தோற்கிறேன். இது துரதிர்ஷ்டம்தானே?

பதில்: பாதிதான் துரதிர்ஷ்டம். இப்புதிரில் சரியான இடத்தில் உள்ள எழுத்து பச்சையாகும், விடையில் வேறு இடத்தில் உள்ளது மஞ்சளாகும், விடையில் இல்லாதது சாம்பலாகும். நீங்கள் இரண்டாம் முயற்சியில் ‘லைட்’ என்று இட்டு, எல் தவிர மற்ற நான்கும் (ஐ, ஜி, எச், டி) பச்சையானதாகக் கொள்வோம். எய்ட், ஃபைட், மைட், நைட், ரைட், சைட், டைட் என ஏழு சொற்கள் எஞ்சியுள்ளன, முயற்சிகளோ நான்குதான். ஒவ்வொன்றாக இட்டுப் பார்ப்பவர் தோற்பதற்கு ஏழில் மூன்று பங்கு வாய்ப்பு உண்டு. என் நெடுநாள் தொடர் வெற்றி ஒன்றும் இப்படித்தான் பறிபோனது.

விடையாக இருக்கவே முடியாத ‘டெர்ம்ஸ்’ என்ற சொல்லை இடுவதே இங்கு உத்தி. ஈ, ஆர், எம், எஸ் ஆகியவற்றில் எது மஞ்சளாகிறதோ அதுவே விடையின் முதல் எழுத்து. டி பச்சையானால் விடை டைட். டி மட்டும் மஞ்சளாகி மற்றவை சாம்பலானால் ஃபைட், நைட் என்னும் இரண்டே எஞ்சும், முயற்சிகளோ இன்னும் மூன்று இருக்கும். கடின முறையில் ஆடுவோருக்கு மட்டும் இது செல்லாது; கண்டறிந்த எழுத்துகளை அங்கு கைவிட முடியாது.

கேள்வி: மறைபொருள் வகைக் குறுக்கெழுத்துப் புதிரில் குறிப்பின் ஒவ்வொரு சொல்லும் புரிகிறது, விடை மட்டும் வருவதேயில்லை.

பதில்: புரிவதுதான் சிக்கலே. இவ்வகைக் குறிப்பில் விடையின் நேர்ப்பொருள் பெரும்பாலும் தொடக்கத்திலோ முடிவிலோ ஒளிந்திருக்கும். மீதியெல்லாம் எழுத்துகளைக் கோக்கும் கட்டளை. பலகையைப் ‘பல கை’ என்று பிரித்துப் பழகிய நமக்குப் பிரிமொழிச் சிலேடை புதிதன்று. அதே கண்ணோடு ஆங்கிலத்தைப் பாருங்கள். மலரைக் குறிக்கும் ‘ஃபிளவர்’, ‘ஃப்ளோ-எர்’, அதாவது பாய்வது என்று பிரிக்கப்பட்டு ஆற்றைக் குறிக்கும். விடை டீ, கேம் போன்ற பிரிட்டன் ஆறுகளில் ஒன்றாக இருக்கலாம். எண்ணைக் குறிக்கும் ‘நம்பர்’, ‘நம்-எர்’, அதாவது மரத்துப்போகச் செய்வது என்று பிரிந்து மயக்க மருந்தான ஈதரில் கொண்டுபோய் விடும்.

இவற்றோடு வழக்கமான குறுஞ்சொற்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். மாலுமி என்றால் டார். உழைப்பாளி என்றால் எறும்பு அல்லது தேனீ. காதல் என்றால், டென்னிஸ் கணக்கின்படி சுழியம், ஆகவே ஓ. குழப்பம், உடைசல், குடிமயக்கம் ஆகிய பொருள் தரும் சொல் ஏதேனும் கண்ணில் பட்டால், அருகிலுள்ள எழுத்துகளைக் கலைத்து அடுக்கிப் பாருங்கள். வண்டிக் குதிரையான ‘கார்ட்ஹார்ஸ்’ அப்படித்தான் ஆர்கெஸ்ட்ராவாக மாறுகிறது.

கேள்வி: அமெரிக்கக் குறுக்கெழுத்தில் ஓரியோ பிஸ்கட்டும் கற்றாழையும் அடிக்கடி வருவது ஏன்?

பதில்: அங்கு ஒவ்வோர் எழுத்தும் இரு சொற்களுக்குப் பொதுவாக அமைய வேண்டும் என்பது விதி. பிரிட்டன் புதிர்களில் ஏறத்தாழப் பாதி எழுத்துகளுக்கு அந்தக் கட்டாயமில்லை. உயிரெழுத்துகள் மலிந்த நான்கெழுத்துச் சொற்கள் எந்த மூலையிலும் பொருந்திவிடும் என்பதால், புதிர் அமைப்போர் ஓரியோ, கற்றாழையைக் குறிக்கும் ஆலோ, வாள்வீச்சுக் கத்தியான எப்பே ஆகியவற்றை நாடுகிறார்கள். நான்கு எழுத்து, பிஸ்கட் என்று கண்டால் பென்சிலைக்கூடத் தேட வேண்டாம், பேனாவிலேயே எழுதிவிடலாம்.