கூடுதல் நேரம் கொடுத்தும் தாள் ஏன் காலி?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. ஏ.டி.எச்.டி. (கவனம் சிதறுவதும் அளவுக்கு மீறித் துறுதுறுப்பதுமான குறைபாடு) இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். முதல் பெஞ்சு, தேர்வில் கூடுதல் நேரம் இரண்டையும் பள்ளியில் கொடுத்துவிட்டார்கள். அப்படியும் பாதித் தாளை எழுதாமல் வருகிறான். வேறு என்ன கேட்கலாம்?

பதில்: கூடுதல் நேரம் மெதுவாகப் படிக்கிற, மெதுவாக எழுதுகிற பிள்ளைக்குக் கைகொடுக்கும். கவனம் சிதறுகிற பிள்ளைக்கு அதை மட்டும் கொடுத்தால், பெரும்பாலும் வேடிக்கை பார்க்கிற நேரம்தான் கூடும். இடைவேளை கேளுங்கள். 25 நிமிடம் எழுதியதும் 5 நிமிடம் எழுந்து நடக்கட்டும். அந்த 5 நிமிடம் தேர்வு நேரத்தில் கழியக் கூடாது. வினாத்தாளையும் பகுதி பகுதியாகக் கொடுத்து, முடித்த பகுதியை இடைவேளைக்கு முன் வாங்கிக்கொண்டால், வெளியே போய் விடை கேட்டுவிடுவான் என்ற பயம் ஆசிரியருக்கு இருக்காது.

முதல் பெஞ்சில் ஒரு சிக்கல் உண்டு. வகுப்பின் சத்தம் முழுக்கப் பின்னாலிருந்து வருவதால் பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்ப்பான். கதவு, ஜன்னல் பக்கம் இல்லாமல், இரண்டாவது வரிசையில் சுவரோரம், அமைதியான பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவைக்கச் சொல்லுங்கள். ஆசிரியர் நடந்து போகும் வழியில் இருந்தால், பெயர் சொல்லிக் கூப்பிடாமல் மேசையை லேசாகத் தட்டியே கவனத்தைத் திருப்பிவிடலாம்.

“புத்தகத்தை எடு, 40ஆம் பக்கம், மூன்றாவது கணக்கு, பென்சிலில் போடு” என்று ஒரே மூச்சில் சொன்னால் முதல் இரண்டுதான் மனதில் நிற்கும். பலகையில் எழுதிவைப்பது நல்லது. வீட்டுப்பாடத்தில் ஒரே வகைக் கணக்கு 20 இருந்தால் 8 போதும்; எண்ணிக்கையைத்தான் குறைக்க வேண்டும், கடினத்தை அல்ல. தண்டனையாக விளையாட்டு நேரத்தைப் பறிக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். ஓடியாடாத பிள்ளை அடுத்த வகுப்பில் இன்னும் நெளிவான்.

மருந்து சாப்பிடுகிறான் என்றால், எந்தெந்தப் பீரியடில் தடுமாறுகிறான் என்று ஒரு வாரம் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் மருந்தான மெத்தில்ஃபெனிடேட்டில், குறுகிய நேரம் வேலை செய்யும் வகை சுமார் 4 மணி நேரத்தில் அடங்கிவிடும். மதியத் தேர்வில் தாள் காலியாக இருப்பதற்கு அதுவேகூடக் காரணமாக இருக்கலாம். அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.

கேள்வி: நான் ஆசிரியை. கடும் பதற்றமுள்ள மாணவி ஒருத்தி வகுப்பில் பேசச் சொன்னால் உறைந்துபோகிறாள். பேசுவதிலிருந்து முழுக்க விலக்கு கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். விலக்கு அன்றைக்கு நிம்மதி தரும், ஆனால் அடுத்த முறை பயம் இன்னும் பெருகும். படிப்படியாகப் போங்கள்: முதலில் வீட்டில் பேசிப் பதிவுசெய்து கொண்டுவரட்டும், பிறகு உங்களிடம் மட்டும், அதன்பின் இரண்டு தோழிகள் முன், கடைசியாக வகுப்பில் இருந்த இடத்திலிருந்தே. ஒரு படி பழகிச் சலித்த பிறகே அடுத்தது. எந்தக் கேள்வி கேட்கப்போகிறீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தாங்க முடியாதபோது வெளியே போக ஓர் அட்டை கொடுக்கலாம். எங்கே போக வேண்டும், யாரிடம், எத்தனை நிமிடம் (10 போதும்) என்பதை அட்டையிலேயே எழுதுங்கள். இதை எழுதாமல் கொடுக்கிற அட்டைதான் பல பள்ளிகளில் கெட்டுப்போகிறது. எந்தப் பாடத்தில் பயன்படுத்தினாள் என்றும் குறித்துவையுங்கள். எப்போதும் ஒரே பாடம் என்றால், பதற்றத்தைவிட அந்தப் பாடத்தையும் பக்கத்து இருக்கையில் இருப்பவரையும் முதலில் விசாரிக்க வேண்டியிருக்கும்.

தன்னை மாய்த்துக்கொள்வது பற்றி அவள் ஒரு வார்த்தை பேசினாலும் சலுகைப் பேச்சை நிறுத்திவிடுங்கள். தனியாக விடாமல், அன்றைக்கே பெற்றோருக்கும் மனநல ஆலோசகருக்கும் சொல்லுங்கள்.

கேள்வி: இதெல்லாம் மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம் இல்லையா?

பதில்: தேர்வு எதை அளக்கிறதோ அதில் கை வைத்தால் அநியாயம்தான். வரலாற்றுத் தேர்வு கையெழுத்து வேகத்தை அளப்பதில்லை. அங்கே நேரம் கொடுக்கலாம். தட்டச்சு வேகத் தேர்வில் கொடுக்க முடியாது.