‘பார்க்கலாம் தம்பி’

அன்புள்ள ஐயா,

காரைக்குடி பக்கம் ஒரு கிராமத்தில் குடிதண்ணீர் ஊருணியின் வரத்துக்கால்களைச் சீர்செய்யும் வேலையில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். சொந்த ஊர் கோவை. போன மாதம் வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் ஆறு பேர் வந்தார்கள். முதல் நாளே ஒருவர் ஷூவோடு தண்ணீரில் இறங்கி ஆழம் பார்த்தார். படித்துறையில் நின்ற யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஊர்க்காரர் ஒருவரும் வேலைக்கு வரவில்லை. இது கலாச்சார வேறுபாடுதானே, யாரைக் குறை சொல்வது? அறிக்கையில் எழுதினால் அடுத்த வருட நிதி போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

ச.

அன்புள்ள ச.,

‘கலாச்சார வேறுபாடு’ என்பதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அதைச் சொன்னதுமே யாரும் தவறு செய்யாதது போல ஆகிவிடுகிறது. எங்கள் பக்கம் பல ஊர்களில் குடிக்கிற ஊருணி தனி, குளிக்கிற ஊருணி தனி. குடிக்கிற ஊருணிக்குப் போகிறவர்கள் செருப்பைக் கரையிலேயே விட்டுவிடுவார்கள். கேட்டிருந்தால் ஐந்து வயதுப் பிள்ளை சொல்லியிருக்கும். வந்தவருக்குத் தெரிய வழியில்லை. நடுவில் நின்றவர் நீங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், நடுவில் நின்று நான் செய்தது இதைவிட மோசம். சில வருடங்களுக்கு முன் கொட்டான் என்கிற பனையோலைக் கூடை முடையும் பெண்களுக்கும் ஒரு வெளிநாட்டுக் குழுவுக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளன். குழுவினர் கேட்டது 200 கொட்டான், முழுக்கக் கறுப்புச் சாயம், ஆறு வாரத்தில். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்த அக்கா ஒருவர், “பார்க்கலாம் தம்பி” என்றார். நான் திரும்பி, “சரி என்கிறார்கள்” என்றேன்.

பெண் கேட்டுப் போன வீட்டில் ‘பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். பேச்சு இனிமையாக முடியட்டும் என்ற ஆசைதான்.

ஆறு வாரம் கழித்துப் போனால், கீறிய குருத்தோலை கட்டுக்கட்டாக மூலையில் காய்ந்து கிடக்கிறது. முடைந்திருந்தது பதினொன்று, அதுவும் சிவப்பும் மஞ்சளுமாக. வந்தவர்கள் ‘பொறுப்பில்லை’ என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் போனபிறகுதான் அந்த அக்கா வாய் திறந்தார்: “நல்ல காரியத்துக்கு வைக்கிற சாமான் தம்பி. அதைக் கறுப்புல முடையச் சொன்னா? அதான் அன்னைக்கே பார்க்கலாம்னு சொன்னோமே.”

சொன்னார்கள்தான்.

நம்மூர் பெரிய வீடுகளில் பர்மாத் தேக்குத் தூணைத் தொடும்போது எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். இங்கிருந்து பர்மாவுக்குக் கடன் கொடுக்கப் போன செட்டியார்கள் எதிர்பார்த்தது முதலும் வட்டியும்தான், நிலத்தை அல்ல. ஆனால் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, உழவர்களால் கடனைக் கட்ட முடியவில்லை, அடகு நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம் 1937இல் 25 பங்காயிற்று. பேரேட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். நிலம் போன உழவர் அதை எப்படிப் பார்த்தார் என்பதற்கு அதில் பத்தி கிடையாது. உங்கள் அறிக்கையும் ஒரு பேரேடுதான்.

எல்லைகளற்ற பொறியாளர்கள் அமைப்பின் கனடா கிளை 2008 முதல் தங்கள் தோல்விகளையே அறிக்கையாக வெளியிட்டது. நல்ல வழக்கம். ஆனால் உங்கள் விஷயத்தில் எழுதுவது இரண்டாவது வேலை. முதலில் ஊருக்குள் போங்கள். மைக், கூட்டமெல்லாம் வேண்டாம். பெரியவர்கள் நாலு பேரிடம், இறங்கியவரையும் கூட அழைத்துப்போய், “கேட்காமல் இறங்கவிட்டது என் தப்பு” என்று நீங்கள் சொல்லுங்கள். அந்த ஊருணியை என்ன செய்ய வேண்டுமென்று அவர்கள் சொல்வார்கள், செய்யுங்கள். அப்புறம் அறிக்கை. அதில் ‘ஊர் மக்கள் ஒத்துழைக்கவில்லை’ என்ற வரி மட்டும் வந்துவிடக்கூடாது.

நிதி போகுமா என்றால், போகலாம். அந்தக் குழுவுக்கு, “அவர்கள் சரி என்று சொல்லவே இல்லை, சொன்னது நான்” என்று எழுத எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. மரியாதையாகப் பதில் வந்தது. ஆர்டர் வரவில்லை.